உபின் தீவின் கல்லும் கைதிகளின் உழைப்பும்

சிங்கப்பூரின் வடகிழக்கே, ஜொகூர் நீரிணையில் அமைந்துள்ள புலாவ் உபின் தீவுக்குச் சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து சற்றேறக்குறையப் பத்து நிமிடங்களில் சென்றுவிடலாம். பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். கரையேறி, கிராமத்துக் கடைகளைக் கடந்து மேற்கே நடப்போர் சிறிது தொலைவிலேயே பெக்கான் குவாரியைக் காண்பர். செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சை நிற நீர் தேங்கி நிற்கும்; மரக்கிளைகளில் நாரைகள் கூடு கட்டும். அதற்கப்பால், 74 மீட்டர் உயரமுள்ள புவாக்கா குன்றின் மேலிருந்து நோக்கினால் உபின் குவாரி இயற்கை ஏரியெனவே தோன்றும். உண்மையில் அவை மனிதர் வெட்டிய பள்ளங்கள். வேலை நின்றபின் நீர் நிரம்பியவை.

இத்தீவின் கருங்கல், பூமிக்கடியில் பாறைக்குழம்பு மெல்ல ஆறி இறுகியதால் உண்டானது. 20 கோடி ஆண்டுகளுக்கும் மூத்தது. மலாய் மக்கள் வழங்கும் கதையோ வேறு. தவளை, பன்றி, யானை ஆகிய மூன்றும் ஜொகூர்க் கரைக்கு யார் முதலில் நீந்திச் செல்வதெனப் போட்டியிட்டுத் தோற்றுக் கல்லாயினவாம். தவளை செகூடு என்னும் சிறு தீவாயிற்று. மற்ற இரண்டும் உபின் ஆயின. புவியியலைவிட இக்கதையே குழந்தைகளுக்கு எளிதில் விளங்கும்!

1850, 1851 ஆம் ஆண்டுகளில் ஜான் டர்ன்புல் தாம்சன் பெட்ரா பிராங்காவில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தை எழுப்பியபோது, சீனக் கல்தச்சர்கள் இங்கிருந்துதான் கற்களை வெட்டிச் செதுக்கிக் கொடுத்தனர். 1855இல் ஒளியேற்றப்பட்ட ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்திற்குக் கல் உடைத்தவர்கள் இந்தியக் கைதிகள்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் தகும். 1825இல் பென்கூலனிலிருந்து முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். தொடர்ந்து வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களிலிருந்து பலர் வந்தனர். அவர்களுள் நம் தமிழரும் இருந்தனர். சாலை அமைத்தல், சதுப்பு நிலம் தூர்த்தல், செங்கல் சுடுதல், கல் உடைத்தல் எல்லாம் அவர்கள் பணியாயின. இன்று நாம் வியந்து பார்க்கும் புனித ஆண்ட்ரூ தேவாலயமும் இஸ்தானா மாளிகையும் அவர்கள் கைவண்ணமே. தோட்டப் பாட்டாளியையும் இரயில்வே பாட்டாளியையும் மேடைதோறும் நினைவுகூரும் நாம், இவர்களைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். குற்றவாளிகள் என்ற சொல்லே காரணம் போலும். கலங்கரை விளக்கங்களுக்குப் பெயர் தந்தவர்களை உலகம் அறியும். அவற்றுக்காக உளி பிடித்தவர்களை நாமே அறியோம். 1873இல் அம்முறை முடிவுற்றபோது விடுதலை பெற்றவர்களிற் சிலர் தாயகம் திரும்பாமல் இங்கேயே குடியமர்ந்தனர்.

உபின் கல் அதன்பின்னும் வெட்டப்பட்டது. 1924இல் திறப்பு விழாக் கண்ட ஜொகூர்ப் பாலத்திலும் அது பயன்பட்டது. கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது. பல்லாண்டுகளாகக் காணப்படாதிருந்த இருவாய்ச்சிப் பறவைகள் 1994இல் இத்தீவில் மீண்டும் தென்பட்டன. வெடியோசை அடங்கிய இக்காட்டில் அவை இப்போது குஞ்சு பொரித்துப் பெருகியிருக்கின்றன.