ஒரு வாரம் வாடகைக்கு

மேலூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஜனவரி என்றால் பொங்கலும் மஞ்சுவிரட்டும்தான். எனக்கு அதற்கு முன்னால் இன்னொரு திருவிழா இருந்தது: சென்னை ஓபன். நுங்கம்பாக்கம் ஸ்டேடியத்தை டிவியில் மட்டும் பார்த்துவிட்டு ‘நம்ம டோர்னமென்ட்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

உண்மையில் அது சென்னையில் பிறந்ததல்ல. 1996இல் டெல்லியில் தொடங்கி, 1997இல் கோல்டு ஃபிளேக் ஓபன் என்ற சிகரெட் பெயரோடு சென்னைக்கு வந்தது. 2002இல் டாடா ஓபன், 2005இல் சென்னை ஓபன். ஆரம்பத்தில் ஏப்ரல் வெயிலில் நடந்தது. ஜனவரிக்கு மாறிய பிறகு, ஆஸ்திரேலியன் ஓபனுக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கிப் பழகும் ஊரானது சென்னை.

அப்படி வந்தவர்கள் நல்ல நினைவுகளைக் கொடுத்தார்கள். சுனாமி முடிந்து சில நாட்களிலேயே நடந்த 2005 போட்டியில் கார்லோஸ் மோயா ஜெயித்தார். பரிசுப் பணத்தைச் சுனாமி நிவாரணத்துக்குக் கொடுத்தார். 2008 அரையிறுதியில் அதே மோயாவோடு நடால் ஏறக்குறைய நாலு மணி நேரம் மல்லுக்கட்டி ஜெயித்தார். மறுநாள் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். பாவமாக இருந்தது.

நம்மாட்கள்? இரட்டையரில் பயஸும் பூபதியும் ஐந்து முறை ஜெயித்தார்கள். ஒற்றையரில் 21 வருடத்தில் ஓர் இந்தியர்கூட ஜெயிக்கவில்லை. 2009இல் சோம்தேவ் இறுதிவரை போய் சிலிச்சிடம் தோற்றார். ஆனால் இந்த டோர்னமென்ட் வருவதற்கு வெகுகாலம் முன்பே, 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய ராமநாதன் கிருஷ்ணன் இதே சென்னையில் இருந்தார். பிறகு விஜய் அமிர்தராஜ், ரமேஷ் கிருஷ்ணன். டோர்னமென்ட் இல்லாமலேயே ஆட்டக்காரர்கள் வந்திருக்கிறார்கள்.

2017 ஜனவரி 8, கடைசி இறுதிப்போட்டி. பாடிஸ்டா அகுட், அப்போது பெரிதாகத் தெரியாத மெத்வதேவை வென்றார். அடுத்த வாரமே அலங்காநல்லூரிலும் மெரினாவிலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்டது. டென்னிஸ் கிளம்பியபோது அப்படி யாரும் திரளவில்லை. 2018இல் அது மகாராஷ்டிரா ஓபனாகப் புனேயில் நடந்தது. 2023க்குப் பிறகு அங்கேயும் இல்லை.

புனேயைக் குறை சொல்ல எதுவுமில்லை. ஏடிபி டோர்னமென்ட் என்பது காலண்டரில் ஒரு வாரத்துக்கான உரிமை. அந்த உரிமை ஒரு நிறுவனத்தின் சொத்து. ஒப்பந்தம் முடிந்தால் வேறு ஊருக்குப் போகலாம். மஞ்சுவிரட்டை அப்படிக் கொண்டுபோக முடியாது. காளை வளர்க்கிறவன் ஊருக்குள்ளயே இருக்கான்ல.

ஸ்டேடியம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. 2022இல் பெண்கள் சென்னை ஓபனும் நடந்தது. ‘நம்ம டோர்னமென்ட்’ என்று இப்போது சொல்வதில்லை. நம்ம ஆட்டக்காரர் என்று சொல்ல ஒருவர் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.