வயிற்றுக் கிருமியும் ரத்தச் சாட்சியும்

வயிற்றுப்புண்ணுக்கு மிகை அமிலமும் மனக்கவலையும்தான் காரணம் என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பியிருந்த காலம். அமிலம் ஊறும் இரைப்பையில் எந்தக் கிருமியும் தங்காது என்பதே அன்றைய பாடம். 1979-இல் ஆஸ்திரேலியாவின் ராயல் பெர்த் மருத்துவமனையில் நோய்க்குறியியல் நிபுணர் ராபின் வாரன், ஒரு நோயாளியின் இரைப்பைச் சதைத் துணுக்கில் சுருள் வடிவக் கிருமிகளைக் கண்டார். 1981-இல் இளம் மருத்துவர் பாரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார்.

புண்ணுக்குக் கிருமியே காரணம் என்றால், அதை வளர்த்துக் காட்டினால்தான் உலகம் ஏற்கும். ஆய்வகத்திலோ இரண்டு நாளில் எதுவும் முளைக்காத தட்டுகளைத் தூக்கியெறிந்து வந்தார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தன. அப்போதுதான் கிருமி வளர்ந்தது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைக் கலந்து தாமே குடித்து, வாந்தியும் இரைப்பை அழற்சியும் கண்டார். அந்தக் கிருமிதான் 1989 முதல் ஹெலிகோபேக்டர் பைலோரி என்று அழைக்கப்படுகிறது.

தொடக்கத்தில் அதைக் கண்டுபிடிக்க எண்டோஸ்கோப்பிக் குழாயை இரைப்பைக்குள் இறக்க வேண்டியிருந்தது. அஜீரணம் என்று வருகிற எல்லோருக்கும் அதைச் செய்ய முடியுமா? ஆய்வாளர்களின் பார்வை ரத்தத்தின் பக்கம் திரும்பியது. இந்தக் கிருமி பெரும்பாலும் சிறு வயதில் தொற்றி, மருந்து கொடுக்காவிட்டால் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். உடல் அதை எதிர்த்து ஆன்டிபாடி என்னும் புரதத்தைச் சுரந்தபடியே இருக்கும். அதைப் பிடிக்கும் கருவியும் தயாராக இருந்தது: 1971-இல் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் உருவான எலைசா. கிருமியின் புரதம் பூசிய சிறு குழிகளில் ரத்தச் சீரத்தை விடுவார்கள். ஆன்டிபாடி இருந்தால் ஒட்டிக்கொள்ளும். அடுத்துச் சேர்க்கும் நொதி அதை நிறமாற்றத்தில் காட்டிவிடும்.

இந்தப் பரிசோதனை தன் பெரிய சாதனையை உறைபெட்டிகளில் நிகழ்த்தியது. ஹவாயில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம் 1960-களின் இறுதியில் வேறொரு ஆய்வுக்காக எடுத்த சீரம் பத்திரமாக இருந்தது. அவர்களில் பின்னாளில் இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களின் பழைய சீரத்தை ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்தார்கள். 94 சதவீதத்தினரிடம் ஆன்டிபாடி இருந்தது. ஒப்பிட எடுத்துக்கொண்ட மற்றவர்களிடம் 76 சதவீதம். கலிஃபோர்னியாவின் பழைய சீரமும் அதையே சொன்னது. 1991-இல் வெளியான இந்த முடிவுகளில், நோய்க்குப் பல ஆண்டு முன்பே கிருமி அங்கே இருந்தது தெரிந்தது. கிருமி இன்று இருக்கிறதா என்று மட்டும் காட்டும் மூச்சுப் பரிசோதனையோ எண்டோஸ்கோப்பியோ காலத்தில் பின்னோக்கிப் போய் இதைச் சொல்லியிருக்க முடியாது. 1994-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், இந்தக் கிருமியைப் புற்றுநோய் விளைவிப்பவற்றின் முதல் வகுப்பில் சேர்த்தது.

பிறகு பரிசோதனை மருத்துவர் அறைக்குள் வந்தது. 1990-களில் விரல் நுனியில் குத்தி எடுத்த துளி ரத்தமே முடிவு சொன்னது. மலிவு, விரைவு, வலி குறைவு. ஆனால் இங்கேதான் அதன் குறையும் வெளிப்பட்டது. ஆன்டிபாடி என்பது விடுதியின் வருகைப் பதிவேடு போன்றது; வந்தவரின் பெயர் இருக்கும், அவர் கிளம்பிவிட்டாரா என்பது இருக்காது. மருந்தால் கிருமி ஒழிந்த பிறகும் ஆன்டிபாடி மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் நீடிக்கும். அதை மட்டும் நம்பினால், இல்லாத கிருமிக்கு மறுபடியும் இரண்டு மூன்று ஆன்டிபயாடிக் விழுங்க நேரும். மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகவும் அது வழிவகுக்கும். அதனால்தான் இன்றைய வழிகாட்டுதல்கள், கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும் யூரியா மூச்சுப் பரிசோதனையையும் மல ஆன்டிஜென் பரிசோதனையையும் முன்னே வைக்கின்றன.

ஆனாலும் இந்த ரத்தப் பரிசோதனைக்கு வேலை தீர்ந்துவிடவில்லை. புண்ணிலிருந்து ரத்தம் கசியும்போதும், அமிலம் குறைக்கும் மாத்திரையை நிறுத்த முடியாதபோதும் மற்றப் பரிசோதனைகள் கிருமியைத் தவறவிடக்கூடும். ரத்தக் கசிவும் அந்த மாத்திரையும் ஆன்டிபாடியைப் பாதிப்பதில்லை. ஒரு ஊரில் எத்தனை பேரைக் கிருமி தொட்டிருக்கிறது என்று கணக்கெடுக்கவும் இது நல்ல கருவி. சமூகத்தின் கடந்த காலத்தைச் சொல்வதில் கெட்டிக்காரச் சாட்சி. ஒரு நோயாளியின் இன்றைய வயிற்றைச் சொல்வதில் அரைகுறைச் சாட்சி.

ஆகவே உங்கள் ஆய்வக அறிக்கையில் ஆன்டிபாடி 'பாசிட்டிவ்' என்று வந்தால் பதற வேண்டாம். அதை மட்டும் வைத்து மருந்துக் கடைக்கும் போக வேண்டாம். கிருமி இப்போதும் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சை முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, மூச்சிலோ மலத்திலோ சோதித்துக் கிருமி ஒழிந்ததை உறுதி செய்யுங்கள். கறுத்த மலம், ரத்த வாந்தி, காரணமில்லாத எடைக் குறைவு, விழுங்கச் சிரமம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.