தலைப்பாகையும் நிலைக்கண்ணாடியும்: தென்திருவிதாங்கூரில் ஒரு வழிபாட்டு முறை செய்த சமூக வேலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தென்திருவிதாங்கூரில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது. செருப்பு அணியக் கூடாது. தங்க நகை கூடாது. மாடி வைத்து வீடு கட்டக் கூடாது. பசுவில் பால் கறக்கக் கூடாது. அக்கால ஆவணங்கள் ‘சாணார்’ என்று குறிப்பிடும் இச்சமூகத்துப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்கவும் மார்பை மறைத்து மேலாடை அணியவும் தடை இருந்தது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சாமுவேல் மேட்டீர் 1871-இல் வெளியிட்ட நூலில் இத்தடைகள் பதிவாகியுள்ளன. தலைவரியும் கூலியில்லா ஊழியமும் இவற்றுக்கு மேல்.

இந்தத் தடைகளில் பெரும்பாலானவை உடம்பின் மீது விதிக்கப்பட்டவை. எப்படி நிற்பது, எதை உடுத்துவது, எங்கே குளிப்பது என்று ஒருவனுடைய அன்றாடத்துக்குள் புகுந்து அவனுடைய இடத்தை நினைவூட்டிக்கொண்டே இருந்தவை. அதனால்தான் அவற்றுக்கான மறுப்பும் உடம்பிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அய்யாவழி என்று இன்று அறியப்படும் நெறி அந்த மறுப்பை வழிபாடாகவே வடிவமைத்தது. அதன் சமூக விளைவைக் கொள்கைகளில் தேடுவதைவிட அன்றாடச் சடங்கில் தேடுவதே பொருந்தும் என்பது என் வாதம்.

இந்த நெறியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர் 1809-இல் இன்றைய சாமித்தோப்பில் பிறந்தவர். பெற்றோர் சூட்டிய பெயர் முடிசூடும் பெருமாள். கீழ்ச்சாதிக் குழந்தைக்கு முடி சூடும் பெயரா என்று எதிர்ப்புக் கிளம்ப, முத்துக்குட்டி என்று மாற்றினார்கள் என்பது மரபு. கடும் நோயில் கிடந்தவரை 1833 மாசியில் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிவந்தார் என்று நம்புகிறார்கள். அந்த மாசி 20 இன்றும் அவதார நாள். ஊர் திரும்பியவர் நெடுங்காலம் தவமிருந்தார். கூட்டம் பெருகவே சுவாதித் திருநாள் அரசு அவரைப் பிடித்துத் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறைவைத்து, 1839-இல் விடுவித்தது.

அதே காலத்தில் அதே மக்களுக்கு வேறொரு வழியும் திறந்திருந்தது. 1806-இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே தொடங்கிய கிறித்தவப் பணி, 1818-க்குப் பின் சார்லஸ் மீட் காலத்தில் நாகர்கோவிலை மையமாகக் கொண்டு வேகமாக வளர்ந்தது. பள்ளிக்கூடம், அச்சகம், ஆங்கில அதிகாரிகளிடம் மனுக்கொடுக்கும் வழி எல்லாம் அங்கே கிடைத்தன. மதம் மாறிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்ற சலுகையும் பிரிட்டிஷ் ரெசிடென்ட் கர்னல் மன்றோ காலத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அது மதம் மாறியோருக்கு மட்டுமானது. தன் குலசாமியை விட்டுப் போக மனம் வராத ஒரு பனையேறிக் குடும்பத்துக்கு அரசாணை எதுவும் கைகொடுக்கவில்லை. வைகுண்டரின் இயக்கம் வேர்விட்டது இந்த இடைவெளியில்தான். 1840-களின் மிஷன் அறிக்கைகள் முத்துக்குட்டியின் கூட்டத்தைத் தங்கள் பணிக்கு இடையூறாகக் கண்டதில் வியப்பில்லை.

வைகுண்டர் முதலில் கைவைத்தது அச்சத்தின் மீது. மாடன், இசக்கி, சுடலை என்று நாட்டார் தெய்வங்களுக்கு ஒவ்வொரு விளையிலும் ஒரு பீடம். காய்ச்சல் கண்டால் சேவல், அம்மை கண்டால் கிடா. திருநெல்வேலிப் பக்கத்தில் இதை நேரில் கண்ட கால்டுவெல் 1849-இல் எழுதிய நூலில் பேய்வழிபாடு என்று இகழ்ந்து ஒதுக்கினார். வைகுண்டர் இகழவில்லை. பேய்களெல்லாம் தம்மிடம் சரணடைந்துவிட்டன, இனி அவற்றுக்குப் பலியும் கொடையும் வேண்டாம் என்று அறிவித்தார். அந்த மக்களின் நம்பிக்கை மொழியிலேயே நின்று, அந்த நம்பிக்கையின் பாரத்தை இறக்கிவைத்தார். கோயில்களுக்குக் காணிக்கை போடவும் வேண்டாம் என்றார். கருப்பட்டி விற்ற காசு வரிக்கும் கொடைக்குமாகக் கரைந்துகொண்டிருந்த வீடுகளில் இந்த அறிவிப்பு ஆன்மிகச் செய்தியாக மட்டும் கேட்டிருக்காது.

அடுத்தது துவையல் பந்தி என்ற கூட்டுத் தவம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கன்னியாகுமரிக் கடற்கரையில் வாகைப்பதியில் 700 குடும்பங்கள் கூடித் தவமிருந்ததாக அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானை கூறுகிறது. ஆண், பெண், பிள்ளைகள் எல்லோரும் நாளுக்கு மூன்று முறை கடலில் குளித்தார்கள்; உடுத்தியதைத் துவைத்து உடுத்தினார்கள்; பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்து வேகவைத்ததைப் பகலில் ஒரு வேளை உண்டார்கள். வெளிப்பார்வைக்கு இது நோன்பு. ஆனால் தீட்டு என்ற காரணம் காட்டியே ஒதுக்கப்பட்டவர்கள் மாதக்கணக்கில் குளித்துத் துவைத்து ஒரே வரிசையில் அமர்ந்து உண்டால், அந்தக் காரணம் யாருடைய வாதமும் இல்லாமலே பொய்த்துப்போகிறது. சாமித்தோப்பின் முத்திரிக் கிணறும் இதே வேலையைச் செய்தது. எல்லாச் சாதியாரும் குளிக்க, குடிக்க ஒரே கிணறு. பதி எனப்படும் அங்குள்ள வழிபாட்டிடத்துக்கு வருவோர் இன்றும் முதலில் அங்கே குளித்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள்.

வழிபாட்டின் அமைப்பைக் கவனித்தால் இந்த நோக்கு இன்னும் துலங்கும். அய்யாவழியினரின் ஊர் வழிபாட்டிடமான தாங்கலின் பள்ளியறையில் (கருவறையில்) சிலை கிடையாது. நிலைக்கண்ணாடி இருக்கும், முன்னால் விளக்கு எரியும். நெற்றியில் வெண்மண்ணால் மேல்நோக்கி ஒற்றை நாமம். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். மேற்சட்டையைக் கழற்றுவது அந்த வட்டாரக் கோயில்களுக்குப் பொது வழக்கம். தலைப்பாகை அப்படியல்ல. மேல்சாதிக்காரர் எதிரே வந்தால் தலையிலும் தோளிலும் கிடக்கும் துணியை எடுத்துக்கொண்டு ஒதுங்க வேண்டியிருந்த மனிதனிடம், தெய்வத்தின் முன்னால் தலையில் துணி கட்டிக்கொண்டு நிமிர்ந்து நில் என்றது இந்த நெறி. அவன் கண்ணாடியில் கண்டதும் அந்த நிமிர்ந்த உருவத்தைத்தான். தென்னிந்தியச் சமய வரலாற்றில் இத்தனை எளிய பொருள்களால் இத்தனை பெரிய விஷயத்தைச் சொன்ன வழிபாடு வேறொன்று உண்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

1851-இல் வைகுண்டர் மறைந்த பிறகும் இயக்கம் கலையாமல் நின்றதற்கு நிழல் தாங்கல்கள் என்றும் அழைக்கப்படும் இந்தத் தாங்கல்களே காரணம். ஓலைக்கூரையும் விளக்கும் கண்ணாடியும் போதும். ஆகமமோ அர்ச்சகரோ தேவையில்லை. ஊரில் ஒருவர் பணிவிடை செய்வார். நூலும் மக்களிடமே இருந்தது. சீடர் அரி கோபாலன் கொல்லம் ஆண்டு 1016-இல் எழுதியதாகக் கொள்ளப்படும் அகிலத்திரட்டு, 1939-இல் அச்சேறும் வரை ஏட்டிலேயே வாழ்ந்தது. அதைப் படித்துக் காட்டும் திருஏடு வாசிப்பு 17 நாள் நடக்கும். எழுத்தறியாத குடும்பங்களும் அதைக் கேட்டே மனப்பாடமாக்கின. தங்கள் துன்பத்தை உலக வரலாற்றின் மையத்தில் வைத்துப் பாடும் ஒரு காப்பியத்தைச் சொந்தமாகப் பெற்ற மக்கள் அவர்கள். ஞா. பேட்ரிக் 2003-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்த நெறியை ஒடுக்கப்பட்டோர் தாமே முன்னெடுத்த செயலாகப் படித்தது. அது சரியான பார்வை.

சட்டம் மெதுவாகத்தான் வந்தது. 1858 இறுதியிலும் 1859 தொடக்கத்திலும் பெண்களின் மேலாடை உரிமையை ஒட்டித் தோள்சீலைக் கலவரம் மூண்டு, வீடுகளும் பள்ளிகளும் எரிந்தன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரவெல்யன் நெருக்க, 1859 ஜூலை 26-இல் திருவிதாங்கூர் அரசு நாடார் பெண்கள் அனைவரும் மார்பை மறைக்கலாம் என்று அறிவித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தது. இந்த வெற்றியில் மிஷனின் பங்கே முதன்மையானது. அதைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. ஆனால் மேலாடை பற்றிய 1829-ஆம் ஆண்டு அரசாணை மதம் மாறியோர், மாறாதோர் என்று கோடு கிழித்திருந்த சமூகத்தில், மாறாதோருக்கும் உரிமை என்ற நிலைக்கு அரசு வந்தபோது, அந்த உரிமைக்குரிய தன்மதிப்பு தாங்கல்களில் கால் நூற்றாண்டாகப் பழகப்பட்டிருந்தது.

பின்னர் இதே திருவிதாங்கூரில் சீர்திருத்தவாதி நாராயண குரு 1888-இல் அருவிப்புரத்தில் சிவனைப் பிரதிஷ்டை செய்தார். 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். 1936 நவம்பர் 12-இல் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று கோடு இழுப்பது என் நோக்கமில்லை. கோயில் வாசல் திறக்கும்வரை காத்திராமல் தனக்கான வழிபாட்டிடத்தைத் தானே அமைத்துக்கொள்வது என்ற செயல்முறை இந்த மண்ணில் 1830-களிலேயே நடந்துவிட்டது என்பதே முக்கியம்.

இயக்கத்தின் எல்லைகளும் தெரிகின்றன. பதினெண் சாதியையும் அழைத்த நெறி பெருமளவு ஒரே சமூகத்துக்குள் தங்கியது. அர்ச்சகர் வேண்டாம் என்ற இடத்தில், சாமித்தோப்புத் தலைமைப்பதியின் பொறுப்பு பரம்பரை உரிமையானது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மாசி 20-க்கு உள்ளூர் விடுமுறை உண்டு; ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அன்புக்கொடி மக்கள் எனப்படும் அய்யாவழியினரை இந்துக்களாகவே எண்ணுகிறது. தனி மதமாக ஏற்க வேண்டும் என்று கேட்போரும், இந்து சமயத்தின் உட்பிரிவாகவே தொடர வேண்டும் என்போரும் ஒரே பதியில், ஒரே தலைப்பாகையோடு நிற்கிறார்கள்.