கலியாணக் கசற்றை 4கே இறுவட்டாக்கினால் முகம் தெளியுமா?

என் சித்தியின் கலியாணம் 2003ஆம் ஆண்டு, சமாதான காலத்தில், கிளிநொச்சியில் நடந்தது. அந்த வீடியோ கசற்றில் அவருடைய தம்பி, என் சின்ன மாமா, ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத்தான் வருகிறார். பந்தலுக்குள் கதிரை தூக்கிக்கொண்டு போகிறார், கமராவைக் கண்டதும் சிரிக்கிறார். 2009இன் பின் அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. வன்னியில் இருந்த கசற் வீட்டோடு போய்விட்டது. லண்டனில் உள்ள உறவினருக்கு அனுப்பிய பிரதி மட்டும் மிஞ்சியது.

அதை இறுவட்டாக்கக் கொண்டுபோன இடத்தில், "4கே தரத்திலேயே செய்து தரலாம், காசு கொஞ்சம் கூட" என்றார்கள். சித்தி ஒன்றைத்தான் கேட்டார்: "அவன்ர முகம் வடிவாத் தெரியுமோ?"

படம் பார்ப்பதற்காக உயர்தர இறுவட்டுக்கு மாற யோசிப்பவர்களுக்கும் இதே கேள்விதான். வட்டு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மூலத்தில் பதிவாகாததை அது காட்டாது. அதனால் முதலில் மூலத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்று வகை வட்டுகள்

டிவிடி 1996இல் யப்பானில் விற்பனைக்கு வந்தது. எங்கள் நாட்டில் வழக்கிலுள்ள பால் முறையில் அதன் படம் 720க்கு 576 புள்ளிகள். ஒரு படலமுள்ள வட்டில் 4.7 ஜிகாபைற் கொள்ளும். 2006இல் வந்த புளூ-ரே 1920க்கு 1080 புள்ளிகள் கொண்டது, கொள்ளளவு 25 அல்லது 50 ஜிகாபைற். 2016இல் வந்த 4கே புளூ-ரேயில் 3840க்கு 2160 புள்ளிகள். புள்ளிகளை எண்ணினால் இது புளூ-ரேயின் நான்கு மடங்கு, டிவிடியின் இருபது மடங்கு.

டிவிடியைச் சிவப்பு லேசரும் புளூ-ரேயை நீல ஊதா லேசரும் வாசிக்கின்றன. அதனால் பழைய டிவிடி பிளேயரில் புளூ-ரே ஓடாது. 4கே பிளேயரில் பொதுவாக மூன்றுமே ஓடும். வெளிநாட்டிலிருந்து வட்டு வருவதானால் பிராந்திய எண்ணையும் கவனிக்க வேண்டும். கனடா டிவிடிக்கு எண் 1, பிரித்தானியாவுக்கு 2, இந்தியாவுக்கு 5. 4கே வட்டுகளுக்கு இந்தப் பூட்டு இல்லை.

படம் பார்க்க வாங்கலாமா?

திரையின் அளவும் நீங்கள் இருக்கும் தூரமும் இதில் முக்கியம். சாதாரணக் கண்பார்வைக்கு, 32 அங்குலத் திரையிலிருந்து ஏறத்தாழ 1.3 மீற்றருக்கு அப்பால் போனால் புளூ-ரேயின் புள்ளிகளையே பிரித்துப் பார்க்க முடியாது. 55 அங்குலத் திரைக்கு அந்தத் தூரம் 2.2 மீற்றர் அளவு. அதைவிடத் தள்ளி இருந்து பார்ப்பவருக்கு 4கேயின் மேலதிகப் புள்ளிகள் இருந்தும் பயனில்லை.

அடுத்தது படம் எதில் எடுக்கப்பட்டது என்பது. 35 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுத்த பழைய படத்தை மூல நெகற்றிவிலிருந்து புதிதாக ஸ்கான் செய்திருந்தால், டிவிடியில் காணாத நுணுக்கங்கள் தெரியும். மாறாக, 2000களில் வந்த பல படங்களின் இறுதிப் பிரதி ஏறத்தாழ 2,000 புள்ளி அகலத்தில்தான் முடிக்கப்பட்டது. அவற்றின் 4கே வட்டில் இருப்பது பெருப்பிக்கப்பட்ட படம். நிறமும் வெளிச்சமும் இருளும் மேம்படலாம், ஆனால் அதற்கு எச்.டி.ஆர். வசதியுள்ள நல்ல தொலைக்காட்சி தேவை.

சுருக்கமாகச் சொன்னால், டிவிடியிலிருந்து புளூ-ரேக்கு மாறினால் பெரும்பாலான வீடுகளில் வித்தியாசம் தெரியும். அங்கிருந்து 4கேக்கு மாறுவது பெரிய திரையும் நல்ல மூலமும் இருந்தால் மட்டுமே காசுக்குப் பெறுமதி.

வீட்டுக் கசற்றின் நிலை வேறு

வீ.எச்.எஸ். நாடாவில் பதிவாகும் நுணுக்கம் கிடைத்திசையில் ஏறத்தாழ 240 கோடுகள்தான். அது டிவிடியின் அளவுக்கே போதாது. ஒரு சிரட்டைத் தண்ணீரை அண்டாவில் ஊற்றினாலும் அது ஒரு சிரட்டைத் தண்ணீர்தான். 4கே வட்டில் போட்ட கசற்றும் அப்படியே.

இப்போது செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் மங்கிய முகத்தைக் கூர்மையாக்கிக் காட்டுகின்றன. அவை நாடாவில் ஒளிந்திருந்த எதையும் வெளியே எடுப்பதில்லை. வேறு ஆயிரக்கணக்கான படங்களில் கற்றதை வைத்து, கண் இப்படி இருக்கலாம், பல் இப்படி இருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் முகத்தில் அந்த ஊகம் கலப்பதை நாங்கள் இலேசாக எடுக்க முடியாது. அப்படிச் செய்த படத்தை அடையாளம் காட்டவோ முறைப்பாட்டுடன் இணைக்கவோ பயன்படுத்த வேண்டாம். செய்து பார்த்தாலும் மூலப் பிரதியைத் தொடாமல் தனியே வையுங்கள்.

செய்ய வேண்டியவை

முதலில், மூலத்துக்கு மிகக் கிட்டிய கசற்றைத் தேடுங்கள். நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் தரம் குறையும். கனடாவுக்கு அனுப்பும்போது என்.ரி.எஸ்.சி. முறைக்கு மாற்றியிருந்தால் 576 வரிகள் 480 ஆகியிருக்கும். பிரித்தானியாவிலோ இங்கேயோ பால் பிரதி இருந்தால் அதையே எடுங்கள்.

நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் டெக்கில் போட வேண்டாம். டெக்கும் பழுதாகும், அடுத்துப் போடும் கசற்றிலும் அது பரவும். துப்புரவு செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

மாற்றிக் கொடுப்பவரிடம் 720க்கு 576 அளவில், அதிகம் சுருக்காத கோப்பாகக் கேளுங்கள். டிவி வடிவத்தில் ஒரு மணி நேரம் ஏறத்தாழ 13 ஜிகாபைற் வரும். பார்ப்பதற்கு டிவிடி தனியே இருக்கட்டும். வீட்டில் பதிவுசெய்யும் டிவிடியில் சாயப் படலமே படத்தைத் தாங்குகிறது, வெயிலும் சூடும் அதைக் கெடுக்கும். ஏற்கெனவே டிவிடியாக்கியவர்கள் அதிலுள்ள கோப்புகளை அப்படியே கணினிக்கு எடுத்துவையுங்கள்.

ஒரு பிரதி கணினியில், ஒன்று வெளி வன்தட்டில், ஒன்று வேறு ஊரிலோ வெளிநாட்டிலோ உள்ள உறவினரிடம் இருப்பது நல்லது. ஒரே வீட்டில் இருந்தவை எப்படிப் போயின என்று எங்களுக்குத் தெரியும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கசற் டெக் தயாரித்துவந்த யப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் உற்பத்தியை நிறுத்தியது. பதிவுசெய்யக்கூடிய புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பெப்ரவரியில் நிறுத்தியது. கசற் நல்லபடி இருந்தாலும், நாளைக்கு அதை ஓட்ட டெக் கிடைக்காமல் போகலாம்.

நாங்கள் 4கே வட்டுச் செய்யவில்லை. அந்தக் காசில் வன்தட்டு ஒன்று வாங்கினோம். மாமாவின் முகம் முன்னர் தெரிந்த அளவுதான் இப்போதும் தெரிகிறது. ஆனால் அது மூன்று இடங்களில் இருக்கிறது.