பூத்தையல் ஊசி

பூத்தையல் ஊசி என்பது துணியின்மீது கையால் பூவேலை செய்யப் பயன்படும் ஊசி ஆகும். இவ்வேலை எம்பிராய்டரி என்றும் பரவலாக அழைக்கப்படுகின்றது. ஊசிக்கு முனை, தண்டு, காது என மூன்று பகுதிகள் உண்டு. ஊசியைத் தேர்ந்தெடுப்பதில் காதின் அளவே முதலில் கவனிக்கத்தக்கது.

ஊசியின் பணி

ஊசி நூலை இழுத்துச் செல்வதோடு, நூல் உரசாமல் நுழையப் போதுமான துளையையும் துணியில் உண்டாக்குகின்றது. காதில் கோத்த இடத்தில் நூல் இரண்டாக மடிந்திருக்கும். எனவே துளை சிறிதானால் ஒவ்வொரு தையலிலும் நூல் துணியில் உரசி, மெருகு குன்றி, நார் பிரிந்து, இறுதியில் அறுந்துவிடும். துளை பெரிதானால் தையலைச் சுற்றி இடைவெளி தெரியும். நெருக்கமாக நெய்த பட்டில் இது எளிதில் மறையாது. புதிதாகப் பழகுவோர் நூலைக் குறைகூறும் பல வேளைகளில் பிழை ஊசியுடையதாகவே இருக்கும்.

எண்கள்

எண் கூடக்கூட ஊசி மெலிதாகும். இவ்வொப்பீடு ஒரே வகை ஊசிகளுக்குள் மட்டுமே பொருந்தும். எண் ஊசியில் பொறிக்கப்படுவதில்லை. ஆதலால் ஊசிகளை அவற்றின் உறையிலேயே வைத்திருப்பது நல்லது.

வகைகள்

குரூவல் ஊசி கூர்முனையும் நீண்ட காதும் உடையது. பொதுவான பூவேலைக்கு இதுவே ஏற்றது. கடைகளில் கிடைக்கும் பூத்தையல் நூல் பெரும்பாலும் 6 இழைகள் கொண்டது. அதில் ஓரிரு இழைகளைப் பிரித்துத் தைக்க 9 அல்லது 10 ஆம் எண்ணும், 3 இழைகளுக்கு 7 அல்லது 8 ஆம் எண்ணும் ஏறத்தாழப் பொருந்தும்.

டேப்பஸ்ட்ரி ஊசியின் முனை மழுங்கியது. கிராஸ் ஸ்டிச் தையலில் துணியின் இழைகளைக் குத்திக் கிழிக்காமல் இடைவெளிகளின் வழியே செல்ல வேண்டியிருப்பதால் இது பயன்படுத்தப்படுகின்றது. அங்குலத்திற்கு 14 கட்டங்கள் உள்ள அய்டா துணிக்கு 24 ஆம் எண்ணும், 18 கட்டங்கள் உள்ளதற்கு 26 ஆம் எண்ணும் வழக்கம். இதே பருமனும் பெரிய காதும் கொண்டு, கூர்முனையுடன் அமைந்தது செனில் ஊசி. நாடா, கம்பளி நூல் ஆகியவற்றைக் கெட்டியான துணியில் தைக்க இது உதவும்.

மில்லினர் ஊசியின் தண்டு காதுவரை ஏறக்குறைய ஒரே பருமனுடையது. புல்லியன் முடிச்சில் நூலைத் தண்டின்மீது பலமுறை சுற்றிய பின் ஊசியை உருவ வேண்டும். காது புடைத்த ஊசியாயின் சுற்றுகள் சிக்கிக்கொள்ளும்.

தமிழ்நாட்டில் இரவிக்கைகளில் செய்யப்படும் ஆரி வேலைக்குரிய ஊசி இவற்றினின்று வேறுபட்டது. அதற்குக் காது இல்லை. முனையிலுள்ள கொக்கி, சட்டத்தில் இறுக்கிய துணியின் அடியிலிருந்து நூலை மேலே இழுத்துச் சங்கிலித் தையலாக்குகின்றது.