676 மில்லிமீட்டர்: சென்ட்ரலுக்கும் பார்க்குக்கும் நடுவில்

எங்க வீடு பெரம்பூர். பெரியம்மா வீடு மாம்பலம். சின்ன வயசுல மாசத்துக்கு ஒரு தடவையாவது அம்மா என்னை அங்கே கூட்டிக்கிட்டுப் போவாங்க. பெரம்பூர்ல ரயில் ஏறி சென்ட்ரல்ல இறங்கணும். அங்கிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷன் போய், இன்னொரு ரயில் பிடிச்சு மாம்பலம். ஒரு கையில பை, இன்னொரு கையில நான். பஸ், லாரி, ஆட்டோ எல்லாம் வந்துகிட்டே இருக்கும். நடுவுல ஒரு இடைவெளி கிடைச்சதும் அம்மா "இப்ப வா"ன்னு இழுப்பாங்க. பயணத்துல எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது அந்த இழுப்புதான்.

இன்னொரு விஷயமும் ஞாபகம் இருக்கு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தது "பெரிய ரயில்". அந்தப் பக்கம் போனது "சின்ன ரயில்". நான் வெச்ச பேர். இரண்டும் கரண்ட்ல ஓடுற ரயில்தான், ஆனா பார்க்ல வர்றது கொஞ்சம் ஒல்லி. ஐசிஎஃப்ல வேலை பார்த்த அப்பாகிட்ட ஏன்னு கேட்டேன். "அது மீட்டர் கேஜ், இது பிராட் கேஜ்"னு சொன்னார். இரண்டுக்குமே பெட்டி செஞ்ச தொழிற்சாலை அது. அவருக்கு அதுல அதிசயம் ஒண்ணும் இல்லை. நானும் அதோட விட்டுட்டேன்.

இப்போ அம்மாவுக்கு 74 வயசு. பெரியம்மாவுக்கு 80. இருவரும் போன்ல பேசிக்கிறாங்க, நேர்ல பார்க்கிறது குறைஞ்சு போச்சு. "அந்த ரோட்டைத் தாண்டணுமேடா" என்பதுதான் அம்மா சொல்ற காரணம். அதனால அந்த ரோடு ஏன் அங்கே இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். ஒரே ஊர், ஒரே ரயில்வே. எதிரெதிரே இரண்டு நிலையம், நடுவில் ஒரு நெடுஞ்சாலை. இதை யார் டிசைன் பண்ணியிருப்பாங்க?

யாரும் பண்ணலை என்பதுதான் பதில். அங்கே வந்து சேர்ந்தது இரண்டு தனித்தனி டிசைன்கள்.

முதல் டிசைன் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியுடையது. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு பக்கம் வாலாஜா ரோடு வரைக்கும் ரயில் விட்டார்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை அதுதான். தண்டவாளங்களுக்கு இடையே 5 அடி 6 அங்குலம், அதாவது 1676 மில்லிமீட்டர். இதுதான் அகலப்பாதை. ராயபுரம் துறைமுகத்துக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் பக்கம். ஊர் தெற்கே வளர வளர இன்னொரு நிலையம் தேவைப்பட்டது. 1873-ல் சென்ட்ரல் வந்தது. பாதை அங்கே முட்டி நின்றுவிடும். ரயில் வந்த வழியேதான் திரும்பணும்.

இரண்டாவது டிசைன் 1874-ல் உருவான தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. தஞ்சை, திருச்சி, மதுரைப் பக்கத்துக் கம்பெனி. இதன் முன்னோடியான கிரேட் சதர்ன் கம்பெனி 1860களில் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்குப் போட்டதும் அகலப்பாதைதான். ஆனால் 1870-ல் மேயோ பிரபு அரசாங்கம் செலவைக் குறைக்க மீட்டர் கேஜ் என்று முடிவெடுத்தது. 1000 மில்லிமீட்டர். பாலம், மண் மேடு, பெட்டி, இன்ஜின் எல்லாமே சின்னதாகும், செலவு குறையும் என்பது கணக்கு. போட்டிருந்த அகலப்பாதையையே 1870களில் மீட்டர் கேஜாக மாற்றினார்கள். அந்த மீட்டர் கேஜ் விழுப்புரம், செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்கு வந்தது. 1908-ல் எழும்பூர் நிலையம் திறந்தது. கடற்கரையிலிருந்து கோட்டை, பார்க், எழும்பூர் என்று போகிற பாதை அந்தக் கம்பெனியின் உலகம்.

ஆக மேற்கிலும் வடக்கிலும் இருந்து வந்தவனுக்கு சென்ட்ரல். தெற்கிலிருந்து வந்தவனுக்கு எழும்பூர். இரண்டு கம்பெனி, இரண்டு டிக்கெட், இரண்டு டைம்டேபிள். தண்டவாளத்தில் 676 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒருத்தன் பெட்டியை இன்னொருத்தன் பாதையில் ஓட்டவே முடியாது. சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது புரியும். இரண்டு வெண்டர், பொருந்தாத இரண்டு ஃபார்மட், நடுவில் டேட்டாவைக் கையால் தூக்கிக்கொண்டு போகிற ஒரு ஆள். இங்கே அந்த ஆள் பயணி.

அப்போ ஊருக்குள்ளே இவற்றை யார் சேர்த்தது? டிராம். 1895 மே மாதம் மெட்ராஸில் மின்சார டிராம் ஓட ஆரம்பித்தது. இந்தியாவிலேயே முதல். 1921-ல் 97 வண்டிகள், சுமார் 24 கிலோமீட்டர் தண்டவாளம். பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி ரோடு என்று ஊரின் முக்கியமான இடங்களையெல்லாம் தொட்டுப் போனது. கம்பெனி நொடித்துப் போய் 1953 ஏப்ரலில் நின்றது. 1947-லேயே அரசாங்கம் பஸ் ஓட்ட ஆரம்பித்திருந்தது. 1972-ல் அது பல்லவன் ஆனது. எங்க ஏரியாக்காரங்களுக்கு 29சி பஸ்ஸே ஒரு பெரிய சொத்து. பெரம்பூரில் ஏறினால் பெசன்ட் நகர் வரைக்கும் ஒரே வண்டி, ஒரே டிக்கெட். ரயில் சேர்க்காததைப் பஸ் சேர்த்தது.

இதற்கிடையில் தெற்குப் பக்கம் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. 1920களில் மாம்பலம் ஏரி இருந்த பகுதியில் தியாகராய நகர் எழுந்தது. தாம்பரம் வரை ஊர் நீளும் என்று தெரிந்துவிட்டது. 1931-ல் கடற்கரை - தாம்பரம் மீட்டர் கேஜ் பாதை மின்மயமானது. மெட்ராஸ்காரன் வாழ்க்கையை மாற்றிய பாதை என்று இதைச் சொல்லலாம். கோடம்பாக்கம், மாம்பலம், சைதாப்பேட்டை எல்லாம் ஆபீஸ் போகிற தூரத்துக்குள் வந்தன. வடக்கிலும் மேற்கிலும் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பாதைகளில் மின்சார ரயில் வர 1970களின் கடைசி ஆனது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு இடைவெளி. வடசென்னை பின்தங்கினதுக்கு எத்தனையோ காரணம் சொல்வாங்க. இந்த அரை நூற்றாண்டையும் அந்தப் பட்டியலில் சேர்க்கணும் என்பது என் எண்ணம்.

இரண்டு நிலையங்களுக்கும் நடுவில் மூன்று சுவர்கள் இருந்தன என்று இப்போ நினைக்கிறேன்.

முதல் சுவர் கம்பெனி. 1951 ஏப்ரல் 14 அன்று மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா, தென்னிந்திய ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றையும் இணைத்துத் தெற்கு ரயில்வே உருவானது. அன்றைக்கு அந்தச் சுவர் விழுந்தது. ஆனால் ரோட்டைக் கடந்தவங்க கடந்துகொண்டேதான் இருந்தாங்க.

இரண்டாவது சுவர் கேஜ். 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு தாம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்றது. என் "சின்ன ரயில்" 73 வருஷம் ஓடி ஓய்ந்தது. அதோடு 676 மில்லிமீட்டர் காணாமல் போனது. அப்பவும் ரோடு அங்கேயே இருந்தது.

மூன்றாவது சுவர் கட்டடம். கம்பெனி போனாலும் கேஜ் போனாலும், முதல் நாள் எந்த இடத்தில் நிலையம் கட்டினானோ அந்த இடம் மாறாது. அதைச் சுற்றி ரோடும் கடைகளும் வந்துவிடும். 1985-ல் தீயில் அழிந்த மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயிலுக்கு நிலையம் கட்டினார்கள். அதுவும் ரோட்டுக்கு சென்ட்ரல் பக்கம்தான். 1995-ல் ஓட ஆரம்பித்த பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன் என்று இன்னொரு நிலையம், ரோட்டுக்கு அந்தப் பக்கம். 2018-ல் மெட்ரோவுக்குத் தரைக்கடியில் ஒன்று. கூப்பிடு தூரத்துக்குள் இத்தனை நிலையம். மெட்ரோ வந்த பிறகு அதன் சுரங்க வழியாக ரோட்டைக் கடக்க முடிகிறது. அது பெரிய நிம்மதி. நிலையங்களுக்கு நடுவே நடப்பது மட்டும் பாக்கி.

இது பழைய கதைதானே என்று விட்டுவிட முடியலை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபோது, பக்கத்திலேயே ஓடுகிற ரயில் பாதையில் அதற்கென்று ஒரு நிலையம் இல்லை. 2007-ல் வேளச்சேரி வந்த பறக்கும் ரயில் பரங்கிமலை போய்ச் சேர வேண்டிய தூரம் 5 கிலோமீட்டர். அதில் கடைசி அரை கிலோமீட்டர் நில வழக்கில் பல வருஷம் நின்றது. மேயோ பிரபுவும் இல்லை, இரண்டு கேஜும் இல்லை. ஆனால் ஒவ்வொரு துறையும் தன் பாதை முடிகிற இடத்தோடு தன் வேலையும் முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் அப்படியே இருக்கு.

2025-ல் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் ஒரே டிக்கெட் எடுக்கிற "சென்னை ஒன்" செயலி வந்தது. டிக்கெட் அளவிலாவது ஒரு சுவர் இறங்கியிருக்கு. ஆனால் செயலியால் படிக்கட்டை இறக்க முடியாது. ஒரு நகரத்தின் போக்குவரத்தை எத்தனை கிலோமீட்டர் பாதை என்று அளக்கிறோம். மாறுகிற இடத்தில் எத்தனை படி, எவ்வளவு நடை என்று யாராவது கணக்கு வைக்கணும். இளைஞனுக்கு அது 5 நிமிஷம். 74 வயசுக்காரிக்கு அது போவதா வேண்டாமா என்கிற முடிவு.

இதெல்லாம் படிச்சு முடிச்ச உற்சாகத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அம்மாகிட்ட விளக்க ஆரம்பிச்சேன். மொபைல்ல வழியும் போட்டுக் காட்டினேன். சென்ட்ரல்ல இறங்கி, மெட்ரோ சுரங்கம் வழியா பார்க். அதான் சீக்கிரம்னு காட்டுச்சு.

அம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சுட்டு, "பீச்சுக்குப் போற ரயில்ல ஏறினா என்ன?"ன்னு கேட்டாங்க. ஆவடிப் பக்கமிருந்து சென்ட்ரல் போகாம, ராயபுரம் வழியா பீச் போகிற ரயில்கள் உண்டு. "சுத்துதான். பீச்சுலயும் படி ஏறி இறங்கணும். ஆனா ரோடு கிடையாது. தாம்பரம் வண்டி அங்கதான் கிளம்புது, உக்கார எடம் கிடைக்கும். உங்கப்பா சொல்லிக் குடுத்தது."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. அந்தக் காலத்திலும் இரண்டு கேஜும் வந்து சேர்ந்த நிலையம் சென்னைக் கடற்கரைதான். இத்தனை வாரம் நான் தேடிக்கிட்டு இருந்த சந்திப்பு அம்மாவுக்கு 40 வருஷமா தெரியும். அப்புறம் ஏன் அந்தக் காலத்துல என்னை ரோட்டுல இழுத்துக்கிட்டு ஓடினீங்கன்னு கேட்டேன்.

"பீச் ரயில் எப்பவாவதுதான் வரும். அப்ப ரோட்டைத் தாண்ட கால்ல தெம்பு இருந்துச்சு."

அடுத்த வாரம் இருவரும் போனோம். பெரம்பூர்ல பீச் ரயிலுக்குக் காத்திருந்தோம், ரொம்ப நேரம்தான். பீச்ல படியில் நாலு தடவை நின்னாங்க. தாம்பரம் வண்டியில ஜன்னல் சீட் கிடைச்சுது. பார்க் ஸ்டேஷன் வந்தப்போ அம்மா வெளியே எட்டிப் பார்த்தாங்க. சென்ட்ரல் மணிக்கூண்டு தெரிஞ்சுது. ஒண்ணும் சொல்லலை. மாம்பலம் வந்ததும், பழக்கதோஷம், என் கையைப் பிடிச்சு "இப்ப வா"ன்னாங்க.