இடுப்பில் இரண்டாவது காயம் எதற்கு?

போடிநாயக்கனூரில் விடியக் காலையில் கிளம்புற ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களைக் கொண்டு போகும். மலைச்சரிவில் வழுக்கி விழுறதும் வண்டி கவிழுறதும் நடக்கிறதுதான். அப்படிக் கால் எலும்பு நொறுங்கி ஒரு துண்டே இல்லாமப் போனால், அந்த இடைவெளியை எதை வைத்து நிரப்புவது? இன்றைக்கு அந்தக் கேள்வியோட வரலாற்றைப் பார்ப்போம்.

வழக்கமான வழி, நோயாளியோட இடுப்பெலும்பிலிருந்தே எடுத்து வைப்பது. மருத்துவர்கள் அதிகம் நம்புறது இன்றும் அதைத்தான். ஆனால் இடுப்பில் இன்னொரு காயம், இன்னொரு வலி. எடுக்க முடிகிற அளவும் கொஞ்சம்தான். மேடு ஏறி இறங்கிப் பிழைக்கிறவங்களுக்கு அந்த வலி கூலியிலேயே கை வைக்கும்.

அதனால் மாற்றுத் தேடினாங்க. 1892-ல் ஜெர்மனியில் டிரீஸ்மன் என்ற மருத்துவர் எலும்புக் குழிகளில் பாரிஸ் சாந்தை நிரப்பிப் பார்த்தார். அது சீக்கிரமே கரைந்துவிடும் பொருள். எலும்பு வளரும்வரை காத்திருக்காது. 1920-ல் அமெரிக்காவில் ஆல்பி, கால்சியம் பாஸ்பேட்டை முயல்களிடம் சோதித்தார். 1969-ல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லேரி ஹெஞ்ச் ஒரு புதுக் கண்ணாடி செய்தார். எலியின் தொடை எலும்பில் வைத்து, ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தால் வரலை. எலும்பு அதை இறுகப் பிடித்திருந்தது.

எலும்போடு ஒட்டுது, சரி. எடை தாங்குமா? இதற்கு எலி போதாது. எடை தாங்கி நிற்கும் பெரிய கால் வேணும். தானாக மூடிக்கொள்ளாத அளவுக்குப் பெரிய இடைவெளியும் வேணும். திருவனந்தபுரம் பூஜப்புரையில், பழைய சாட்டல்மண்ட் அரண்மனையில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கு. அங்கே செய்த பீங்கான் வகைப் பொருளை ஆட்டின் தொடை எலும்பில், 2 சென்டிமீட்டர் இடைவெளியில் வைத்துச் சோதித்தாங்க. ஆட்டின் சொந்த உயிரணுக்களையும் அதோடு சேர்த்துப் பார்த்தாங்க. ஆய்வு வெளியானது 2009-ல்.

இந்த வகைப் பொருள் அழுத்தம் தாங்கும், ஆனால் வளைத்தால் உடையும். அதனால் எடை தாங்கும் இடத்தில் உலோகத் தகடும் துணைக்கு வேணும். இடுப்பெலும்பு இன்னும் ஓய்வு பெறாததுக்கு இதுவும் ஒரு காரணம். அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, "எலும்பை எங்கிருந்து எடுக்கப் போறீங்க? மாற்றுப் பொருள் போதாதா?" என்று தயங்காமக் கேளுங்க.